வான்கோழிக்காக இருந்த மூன்று சனிக்கிழமைகள்

1

ஊரில் வான்கோழி வளர்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது விசர்க்கதையாகத்தான் தெரியும். வன்னியில், ஜெயபுரத்தில் எங்கள் வளவுக்குள் அம்மா வளர்த்த வான்கோழிகளுக்கு என்னைக் கண்ணிலும் காட்டக்கூடாது. சைக்கிளை உருட்டிக்கொண்டு படலைக்குள் நுழைந்தால் செட்டையை விரித்து, கழுத்தைச் சிவப்பாக்கி, கொத்துவதற்குத் துரத்திக்கொண்டு வரும். அப்படித் தானாகவே மனிசரைத் தேடி வருகிற ஒரு பறவைக்காக அரசாங்கத்திடம் அனுமதி எடுத்து, பரீட்சை எழுதி, விடிய முன்னம் எழும்பிப் போய் மரத்தடியில் ஆடாமல் அசையாமல் இருக்கவேண்டும் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் நானும் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

போன கிழமை பெரியக்காவுக்கு இதைச் சொன்னேன். அவா இப்போதும் ஜெயபுரத்தில்தான் இருக்கிறா.

"வான்கோழிக்கு ஆரும் காடேறுவினமே, தம்பி? பா பா எண்டு கூப்பிட்டுப் பாத்தனியே?"

"கூப்பிடத்தான் வேணும் அக்கா. ஆனா பெட்டைக்கோழி மாதிரிக் கூப்பிடவேணும். அதுக்கு ஒரு சின்னப் பெட்டி விக்கிறாங்கள். தேய்ச்சால் சத்தம் வரும்."

அக்கா சிரித்த சிரிப்பில் அத்தான் என்னவோ ஏதோ என்று ஓடிவந்து ரெலிபோனை வாங்கிவிட்டார். பிறகு நான் பெட்டியைத் தேய்த்துக் காட்ட, அவரும் சிரித்தார். அவர்கள் சிரித்தது எனக்குச் சந்தோசமாக இருந்தது. ஆனால் அவர்களுக்கு ஒரு விசயத்தை நான் சொல்லவில்லை. நான் காடேறியது கோழிக்காக அல்ல. என் மகளுக்காக.

2

தாரணிக்கு இருபத்திமூன்று வயது. மருந்தாளர் படிப்பில் இரண்டாம் வருடம் முடித்தவள், ஒரு ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுக்கு நடுவில் அதை விட்டுவிட்டதாகச் சொன்னாள். மிருக வைத்தியசாலை ஒன்றில் உதவியாளர் வேலை கிடைத்திருக்கிறதாம். நாய், பூனை என்றாலும் பரவாயில்லை. இது மாடு. ரொறன்ரோவிலிருந்து இரண்டு மணித்தியாலம் கிழக்கே, பால்மாட்டுப் பண்ணைகளுக்கு நடுவில் இருக்கிற ஒரு சின்னப் பட்டணத்தில்.

மாட்டுக்குப் பின்னால் திரியக்கூடாது என்பதற்காகவே நாடு விட்டு நாடு வந்தவன் நான். பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் நின்றபடி வேலை செய்ததும் அதற்காகத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். கடைசியில், "போறதெண்டால் போ. இனி இந்த வாசல் மிதிக்காதை" என்றேன்.

இந்த வசனம் எங்கள் ஊரில் எவ்வளவு மலிவு என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் அப்பா எனக்கே ஏழெட்டுத் தடவை சொல்லியிருப்பார். காலையில் சொல்வார். நான் போய்க் குளக்கட்டில் இருந்துவிட்டுப் பொழுதுபடத் திரும்பி வருவேன். அம்மா கோப்பையில் சோறு போட்டுத் தருவா. அப்பா மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு, "வாய்க்காலை அடைச்சவனோ எண்டு கேள்" என்பார். அதோடு சரி. அந்த வாசல் வசனத்துக்கு, எனக்குக் கோபம் வந்திருக்கிறது என்பதைத் தவிர வேறு அர்த்தம் கிடையாது. அதைக் கேட்டுவிட்டு நிசமாகவே வாசல் மிதிக்காமல் விட்ட ஒருவரை வன்னியில் நான் கண்டதில்லை.

தாரணி இங்கே பிறந்தவள். இங்கே ஒருவர் வராதே என்றால் வராதே என்றுதான் அர்த்தம். அவள் அழவும் இல்லை, சண்டை பிடிக்கவும் இல்லை. கையைக் கழுவிவிட்டு இரண்டு பையில் உடுப்பை அடுக்கினாள். "சரி அப்பா" என்றாள். ஒன்றரை வருடம் ஆகிறது. சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள். சொன்னவன் நான்.

பொழுதுபட வருவாள் என்று இருந்தேன். பிறகு, கிழமை முடிய வருவாள் என்று இருந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் அவளுக்குப் பிடித்த நண்டுக்கறி சமைக்கச் சொல்லி, ஒரு பங்கை எடுத்து மூடிவைத்துவிட்டு, வாசல் தெரிகிற மாதிரிக் கதிரையைத் திருப்பிப் போட்டு இருந்தேன். பசி வந்தால், வீட்டு நினைப்பு வந்தால் வரத்தானே வேண்டும் என்பது என் கணக்கு. ரெலிபோனை எடுத்து, வா பிள்ளை என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. மனைவி வதனி ஞாயிற்றுக்கிழமைகளில் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுத் தாரணியோடு ரெலிபோனில் கதைப்பாள். எனக்குத் தெரியாதாம். குழாய்ச் சத்தத்துக்கு மேலால் வதனி சிரிக்கிறது கேட்கும். நான் கதவுக்கு வெளியே நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

3

எங்கள் தொழிற்சாலையில் சாமான் தூக்கும் வண்டி ஓட்டுகிறவள் லிண்டா. என் வயதுதான். வெள்ளைக்காரி. ஒவ்வொரு சித்திரை வைகாசியிலும் லீவு எடுத்து வான்கோழி வேட்டைக்குப் போய்விடுவாள். போன வருடம் இலையுதிர் காலத்தில் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் படங்கள் காட்டினாள். தன் தம்பியின் பண்ணை என்றாள். பட்டணத்தின் பெயரைச் சொன்னாள்.

அந்தப் பெயர் எனக்குத் தெரியும். வதனி குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் மறந்துபோய் வைத்தது போல வைத்திருந்த, தாரணி அனுப்பிய கடித உறையில் அதுதான் எழுதியிருந்தது. வதனி எதையும் மறக்கிற ஆள் அல்ல.

"நானும் வரலாமோ?" என்று லிண்டாவிடம் கேட்டேன்.

அதற்குப் பிறகுதான் கடதாசி வேலை தொடங்கியது. சுடுகிற துவக்கு வைத்திருக்க ஒரு வகுப்பு, வேட்டைக்கு ஒரு வகுப்பு, வான்கோழிக்கென்று தனியாக இன்னொரு பரீட்சை. வன்னியிலிருந்து வந்தவன் அரசாங்கத்துக்கு விண்ணப்பம் எழுதித் துவக்குக் கேட்கிற காலமும் வந்தது பாருங்கள். படிவத்தில் ஒரு கேள்வி: கடந்த இரண்டு வருடத்துக்குள் உங்கள் குடும்பத்தில் பிரிவு ஏதும் ஏற்பட்டதா? ஓம் என்றோ இல்லை என்றோ அடையாளம் போட வேண்டும். நான் பேனையைப் பிடித்துக்கொண்டு கனநேரம் இருந்தேன்.

பக்கத்தில் கையெழுத்து வைக்கவென்று இருந்த வதனி எட்டிப் பார்த்தாள்.

"அவங்கள் கேக்கிறது புருசன் பெண்சாதியை. பிள்ளையளை இல்லை. இல்லையெண்டு போடுங்கோ."

போட்டேன். பொய் சொன்ன மாதிரித்தான் இருந்தது.

பிறகு ஒரு அதிகாரி ரெலிபோன் எடுத்து, துவக்கு எதற்கு என்று கேட்டார். வான்கோழி வேட்டைக்கு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பயத்தில் என் இங்கிலீசு ஒரு பக்கம் போக நான் ஒரு பக்கம் போனேன். "இருப்பதற்கு" என்று சொல்லிவிட்டேன். "எங்கே இருப்பதற்கு?" என்றார் அவர், நல்ல மரியாதையாக. "மரத்தடியில்" என்றேன். எப்படியோ அனுமதி வந்தது.

இலையும் கொப்பும் அச்சடித்த பச்சை உடுப்பை வாங்கி வந்த அன்று மட்டும் வதனியின் முகம் மாறிவிட்டது. "அதைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால நிக்காதையுங்கோ" என்றாள். யுத்த காலத்தில் அந்த மாதிரி உடுப்பு வீட்டுக்குள் நுழைந்தால் எப்படி இருக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். காருக்குள் வைத்தே உடுப்பு மாற்றப் பழகிக்கொண்டேன்.

4

வேட்டை என்பது சுடுவது அல்ல. எங்கே இருப்பது என்பதுதான் வேட்டை. இது எனக்கு முன்னமே தெரியும் என்று நினைத்தேன்.

அத்தானுக்கு என்னைவிட நாலு வயதுதான் கூட. அவரும் நானும் ஆவணி மாதத்து வெயிலில், ஜெயபுரத்துக்குப் பின்னால் உள்ள காட்டுக்குள், ஊரில் செய்த கட்டுத்துவக்கோடு போவோம். சோளகக் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு அடிக்கும். குளம் வெடித்துக் கிடக்கும். ஆற்றில் மணல் மட்டும் இருக்கும். காடு முழுக்கத் தேடினாலும் ஒரு மடுவில்தான் தண்ணீர் மிஞ்சியிருக்கும், அதுவும் ஒரு பாய் அளவுக்கு. அந்த மடுவுக்கு முன்னால் ஒரு பாலை மரம். அத்தான் ஒரு பிடி புழுதியை எடுத்து விரலிடுக்கால் விடுவார். அது போகிற திசையைப் பார்ப்பார். எங்கள் வாசம் தண்ணீர்ப் பக்கம் போகாத மாதிரி இடம் பார்த்து இருப்போம். அவ்வளவுதான். தேடி அலைய வேண்டியதில்லை. வெயில் சாய எல்லாம் வரும். மயில் வரும், மரை வரும், பன்றி குட்டிகளோடு வரும். சில நாளில் துவக்கைத் தூக்கவே மனம் வராது. அவை குனிந்து குடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, அத்தான் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக மரத்தில் சாய்ந்து அரை நித்திரையில் கிடப்போம். தண்ணீர் எங்கே இருக்கிறதோ அங்கே இருந்தால் போதும், உலகம் வந்து சேரும் என்று அந்த நேரங்களில் தோன்றும். அந்த நினைப்பு எனக்குள் அப்படியே ஊறிவிட்டது.

ஆகவே லிண்டாவின் தம்பியின் பண்ணையில், முதல் சனிக்கிழமை விடியற்காலை, என்னை ஒரு பக்கக் காட்டுக்குள் விட்டுவிட்டு அவள் மற்றப் பக்கம் போனதும் நான் முதலில் தேடியது தண்ணீரை. பள்ளத்தில் ஒரு ஓடை ஓடியது. பனி உருகிய தண்ணீர். ஒரு பிடி மண் எடுத்துக் காற்றில் விட்டுப் பார்த்தேன். மண் ஈரம். உருண்டை உருண்டையாகக் காலடியில் விழுந்தது. சரி, பரவாயில்லை என்று ஓடைக்கு முகம் கொடுத்து, ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்து, முழங்காலில் துவக்கை வைத்துக்கொண்டு இருந்தேன்.

வெளிச்சம் வந்தது. அது வந்த விதத்தைச் சொல்லத் தெரியவில்லை. முதலில் மரங்களின் அடி வெளுத்தது, பிறகு தண்ணீர், பிறகு என் கை. தளிர் வராத மரங்களுக்குக் கீழே வெள்ளைப் பூக்கள் நிலம் முழுக்கப் பூத்திருந்தன. ஓடைச் சத்தம் காதை நிறைத்துக்கொண்டிருந்தது. அதற்குள்ளேயே அத்தான் இருமுகிற மாதிரியும், யாரோ வாய்க்காலில் கால் கழுவுகிற மாதிரியும் கேட்டது. நான் எங்கே இருக்கிறேன் என்பது இரண்டு மூன்று தடவை மறந்துபோனது. ஒன்றும் வரவில்லை. ஒரு அணில் மட்டும் வந்து என் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்துவிட்டுப் போனது.

இரண்டாவது சனிக்கிழமையும் அதே ஓடை, அதே மரம். அதே அணிலாகவும் இருக்கலாம்.

5

எட்டு மணிக்கெல்லாம், கால் நோகிறது என்று லிண்டாவுக்குச் சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு பட்டணத்துக்குள் போவேன். ஒரே ஒரு தெரு. மிருக வைத்தியசாலை ஒரு பக்கம். அதற்கு முன்னால், தெருவோரத்தில், ஆட்கள் இருந்து இளைப்பாற மரவாங்கு ஒன்று. எதிர்ப் பக்கம் ஒரு கோப்பிக்கடை. நான் கோப்பிக்கடைக்குள் போய், ஜன்னலுக்கும் தூணுக்கும் இடையில் ஒரு மேசையில் இருந்துகொள்வேன். அங்கிருந்து பார்த்தால் வைத்தியசாலை வாசல் முழுதாகத் தெரியும். தூண் என் முகத்தை மறைத்துக்கொள்ளும்.

முதல் நாள் ஒன்பது மணியளவில் தாரணி வந்தாள். சேறு அப்பிய ஒரு பெரிய வாகனத்திலிருந்து குதித்து இறங்கினாள். முழங்கால் வரைக்கும் றப்பர்ச் சப்பாத்து. நீளமாக இருந்த தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தாள். கூட வந்த கிழவர் ஏதோ சொல்ல, தலையைப் பின்னால் சரித்துச் சிரித்தாள். பெரியக்கா சிரிக்கிற அதே மாதிரி. அவளுக்கு அக்காவை நேரில் தெரியவும் தெரியாது. எழும்பிப் போய், பிள்ளை என்று கூப்பிட வேண்டும். அதற்குத்தானே இவ்வளவு படிவமும் பரீட்சையும். எழும்பாமலே இருந்தேன். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்ற பயம். அவள் உள்ளே போனாள். நான் கோப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த கிழமையும் அப்படித்தான்.

வீட்டுக்கு வந்தால் வதனி, "கோழி கிடைச்சதோ?" என்பாள்.

"தூரத்தில கண்டனான்" என்பேன்.

அவள் என் முகத்தைப் பார்ப்பாள். மேலே ஒன்றும் கேட்கமாட்டாள்.

6

இந்தக் கிழமை வேலைத்தளத்தில் லிண்டா கேட்டாள், நீ சரியாக எந்த இடத்தில்தான் இருக்கிறாய் என்று. ஓடைக்கரையில் என்றேன். தண்ணீர் குடிக்க வராதா என்றும் கேட்டேன்.

அவள் கடிக்கப்போன பாண் துண்டை மேசையில் வைத்துவிட்டாள். வைகாசி மாதத்தில் இந்த நாட்டில் எங்கே தண்ணீர் இல்லை, சொல்லு பார்ப்போம் என்றாள். ஒவ்வொரு குழியிலும் தண்ணீர், ஒவ்வொரு இலையிலும் பனி. எந்தக் கோழி உன் ஓடையைத் தேடி வரும்? வந்தாலும் ஓடையைக் கண்டால் கடக்காமல் அந்தப் பக்கமே நின்றுவிடும். நீ இருந்தது பள்ளத்தில். அவை மேட்டில், வயலோரத்தில், வெளிச்சம் விழுகிற இடத்தில் நடக்கிறவை. நீ விரும்புகிற இடத்துக்கு அதைக் கூப்பிடாதே, அது ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிற இடத்தில் போய் இரு. இவ்வளவையும் சொல்லிவிட்டு, அவள் எழும்பி வண்டியை எடுக்கப் போய்விட்டாள்.

அன்றைக்கு முழுக்க இயந்திரத்துக்கு முன்னால் நின்றுகொண்டு நான் வேறொன்றையே யோசித்துக்கொண்டிருந்தேன். நண்டுக்கறியை மூடிவைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த எழுபது எண்பது ஞாயிற்றுக்கிழமைகளை யோசித்தேன். எனக்கு ஊர் என்றால் இன்றைக்கும் தொண்டை வறளும். அதே வறட்சி அவளுக்கும் இருக்கும் என்று நான் எப்படி நினைத்தேன்? அவள் வளர்ந்த இடத்தில் எங்கும் தண்ணீர். தாகமே இல்லாத பிள்ளைக்கு நான் மடுவோரத்தில் காவல் இருந்திருக்கிறேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

இன்று மூன்றாவது சனிக்கிழமை. விடியற்காலை லிண்டா சொன்ன மேட்டுக்குப் போனேன். வயலோரத்தில் ஒரு பெரிய மேப்பிள் மரம். என் தோளைவிட அகலம். காலடிச் சருகுகளை ஒதுக்கி, நிழல் பக்கமாக, நல்லபடியாகச் சாய்ந்து இருந்தேன். வயலில் வெண்புகார் புகை போலப் படுத்திருந்தது. எங்கோ உயரத்திலிருந்து ஒரு சேவல் கொக்கரித்தது. இரண்டு கிழமையும் ஓடைச் சத்தத்தில் நான் கேட்காமல் விட்ட சத்தம் அது. பெட்டியை மெல்லத் தேய்த்தேன். பதில் வந்தது. பிறகு ஒன்றும் இல்லை. நேரம் போனது தெரியவில்லை. வெயில் மரத்தில் ஏறிக்கொண்டிருந்தது. கண் சொருகிக்கொண்டு வந்தது.

என் வலது தோளுக்குப் பின்னால் சருகு நொறுங்கியது. கண்ணை மட்டும் திருப்பினேன். பத்தடி தூரத்தில் நின்றது. ஊர் வான்கோழியைவிட மெலிவு, ஆனால் உயரம். வெயிலில் அதன் இறகு செம்பும் பச்சையுமாக மாறி மாறி மினுங்கியது. அப்போதுதான் கவனித்தேன். சரியான மரத்தடிக்கு வந்தும், நான் இருந்தது வயலுக்கு முதுகைக் காட்டி. முகமும் துவக்கும் கீழே ஓடையைப் பார்த்தபடி. யாரும் சொல்லாமலே உடம்பு தண்ணீர்ப் பக்கம் திரும்பி இருந்துவிட்டது. வலக்கைக்காரன் அந்தப் பக்கம் துவக்கைத் திருப்பவே முடியாது. சுட மனமில்லாமல் விட்டேன் என்று பெருமை அடிக்க வழியில்லை. அது என்னை நன்றாகப் பார்த்தது. பிறகு அவசரமில்லாமல் வயலுக்குள் நடந்து போனது. நான் தனியாக இருந்து சிரித்தேன்.

7

துவக்கைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, காரின் பின்பக்கத்தில் போட்டுவிட்டுப் பட்டணத்துக்கு வந்தேன். கோப்பிக்கடைக்குள் போகவில்லை. உடுப்பையும் மாற்றவில்லை. வைத்தியசாலைக்கு முன்னால் உள்ள வாங்கில், நட்டநடுவில் போய் இருந்தேன். போகிற வருகிறவர்கள் காலை வணக்கம் சொன்னார்கள். கைகளை முழங்காலுக்கு இடையில் வைத்துக்கொண்டேன்.

ஒன்பது மணிக்கு வைத்தியசாலைக் கதவு திறந்தது. நான் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் உள்ளேயிருந்து வந்தாள். கையில் ஒரு கனமான பை. எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இண்டைக்குக் கோப்பிக்கடையில இடமில்லையோ அப்பா?"

நான் எதிர்ப் பக்கத்துக் கடை ஜன்னலைப் பார்த்தேன்.

"முதல் கிழமையே கண்டனான். கடைக்கு முன்னால கார் நிண்டது. பின் கண்ணாடியில அம்மா ஒட்டின பிள்ளையார் இருக்கல்லோ."

"பிறகேன் வரேல்லை?"

"நீங்கள் வெளியில வருவீங்களோ எண்டு பாத்தனான். ரெண்டு கிழமையும் உந்த ஜன்னலுக்குள்ள நிண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். நீங்கள் கோப்பியைக் குடிச்சிட்டுப் போயிட்டீங்கள்."

அவளுடைய குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். இருக்கவில்லை.

"நான் அண்டைக்குச் சொன்னது," என்று தொடங்கினேன், "எங்கட ஊரில அது சும்மா சொல்லுறது பிள்ளை. பொழுதுபட எல்லாரும் வந்திடுவினம்."

"எனக்கு அது தெரியாதே அப்பா."

"ஓம். உனக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும். நான்தான் வந்து சொல்லியிருக்க வேணும்." பிறகு சொன்னேன். ஒன்றரை வருடமாக வாய்க்குள் கிடந்ததை இரண்டு சொல்லில் சொன்னேன். "வீட்டை வா."

அவள் பையைக் கை மாற்றிக்கொண்டாள். கண்ணைச் சட்டைக் கையால் துடைத்தாள். பெரிய வாகனம் வந்து நின்று ஒலி எழுப்பியது.

"ஒரு மாடு கண்டு போடக் கஷ்டப்படுதாம். முதல் கண்டு. நான் போகவேணும். எப்ப முடியுமெண்டு தெரியாது." ஏறப்போனவள் திரும்பிப் பார்த்தாள். "இருப்பீங்களோ?"

"இருக்கிறன்" என்றேன்.

இதை அந்த வாங்கில் இருந்துதான் ரெலிபோனில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போது மணி பன்னிரண்டரை. கோப்பிக்கடைக்காரி இரண்டு தடவை வந்து, உள்ளே வந்து இருக்கச் சொல்லிக் கேட்டுவிட்டாள். வேண்டாம் என்றேன். முதல் கன்று என்றால் சில மாட்டுக்குப் பொழுதுபடவும் செய்யும்.

அவள் போன தெருவுக்கு முகம் கொடுத்துத்தான் இருக்கிறேன்.